நாணயத்தின் முகத்தில் ஒரு விரல் தடம்

என் தம்பி பட்டாளத்தில் இருக்கிறான். ஒவ்வொரு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போதும் அங்கிருந்து எனக்கு ஒரு நாணயம் அனுப்புவான். கடையில் கொடுத்து மாற்றுகிற காசு அல்ல. பழைய போர்களையும் படைப்பிரிவுகளையும் நினைவுகூர்ந்து அரசு வெளியிடுகிற, கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற நினைவு நாணயம். ஒன்றில் பீரங்கி, ஒன்றில் போர்க்கப்பல், ஒன்றில் மலையேறும் வீரர்கள். முதலில் அவன் ஞாபகமாகத்தான் எடுத்து வைத்தேன். பிறகு பைத்தியம் எனக்கே பிடித்துக்கொண்டது. ஆரணியில் பட்டுச்சேலைக் கடை நடத்துகிற பொம்பளைக்குப் பீரங்கி எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும்.

இந்த நாணயங்களை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். முகத்தில் விரல் பட்டால் வியர்வைத் தடம் நாளடைவில் கறையாகிவிடும். துடைத்தால் கீறல் விழும். முதல் லீவில் வந்தவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"ஓரத்தப் புடிடா. மூஞ்சில வெரலு பட்டுச்சு, கைய ஒடச்சிடுவேன்."

"பட்டாளத்துல கூட இவ்ளோ கண்டிசன் இல்லக்கா" என்றான்.

அவனுக்கும் ஒரு கிறுக்கு உண்டு. நாங்கள் தறிக்காரக் குடும்பம். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் தீர்ந்தால், புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு சேர்த்து, சாம்பல் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டி முறுக்கிப் பிணைப்போம். முடிச்சு போடுவதே கிடையாது. பட்டாளத்தில் சேர்வதற்கு முன் பக்கத்து ஊரான சேவூரில் அந்த வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தான். நாணயப் பெட்டியைச் சுற்றிப் பட்டு நூலைக் கட்டி, அதே மாதிரி முறுக்கித்தான் அனுப்புவான். பிரிக்கும்போது அவன் கையைத் தொட்டது போல இருக்கும்.

போன தை மாதம் ஒரு பார்சல் வந்தது. வீட்டுக்காரர் அதை என் முன்னால் வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். அப்போதுதான் டீ குடித்துவிட்டு வந்த மனுசன். பிரித்துப் பார்த்தேன். பட்டு நூல் இருந்தது. ஆனால் முடிச்சு, ஒன்றன்மேல் ஒன்றாக, கோணல்மாணலாக. பெட்டியைத் திறந்தால் நாணயத்தின் முகத்தில், துப்பாக்கி பிடித்த வீரன்மேலேயே, பெரிதாக ஒரு விரல் தடம்.

சரிகையைச் சுரண்டி, அசலுக்கு அடையாளமான சிவப்புப் பட்டு உள்ளே தெரிகிறதா என்று பார்க்காமல் எவரிடமும் சேலை வாங்காதவள் நான். இதை என் தம்பி கட்டவில்லை. அவன் பெட்டியை வேறு ஒருவன் எதற்குக் கட்ட வேண்டும்?

யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாக அவன் வீடியோவில் வருவதில்லை. "டவர் இல்லக்கா" என்று குரல் மட்டும்தான். வீட்டுக்காரருக்கு அவனிடமிருந்து போன் வந்தால் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார். என்னவென்று கேட்டால், "சும்மா மச்சான்கிட்ட பேசிகினு இருந்தேன்." உயிரோடு இருக்கிறான், அது தெரியும். எந்த நிலைமையில் இருக்கிறான்?

டீ குடிக்கப் போனவர் திரும்பி வந்தார்.

"இத யாருங்க கட்டுனது?"

"உன் தம்பிதான். வேற யாரு?"

"அவன் முடிச்சு போட மாட்டான்."

"ஜல்தியில போட்டிருப்பான். எதுக்கெடுத்தாலும் சந்தேகப்பட்டா மனுசன் எப்டிம்மா குடும்பம் நடத்துறது?"

கோபமாகத்தான் சொன்னார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாணயத்தைப் பற்றி ஒரு கேலியும் செய்யவில்லை. அது போதும் எனக்கு. அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கி, அதிலிருந்தே வீடியோ கால் போட்டேன். மச்சான் கூப்பிடுகிறார் என்று நினைத்து உடனே எடுத்துவிட்டான்.

என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். இளைத்துப் போயிருந்தான். தலைக்குப் பின்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பி தெரிந்தது.

"கையக் காட்டு."

போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு இடது கையை ஆட்டினான்.

"இன்னொண்ணு."

"அக்கா, அது வந்து..."

"காட்டுடா."

போர்வைக்குள்ளிருந்து மெதுவாக எடுத்தான். கட்டுப் போட்டிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருக்க வேண்டிய பக்கம் கட்டு தட்டையாக இருந்தது. பனிமலையில் காவல் நின்றபோது பனிக்கடியாம். கருகிப்போய் எடுத்துவிட்டார்களாம். நான் தாங்க மாட்டேன் என்று இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு மறைத்தார்களாம். வீட்டுக்காரர் பீரோவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அந்த நிமிசம் அவரை ஓங்கி அறையலாம் போல இருந்தது.

"அப்ப யாருடா பெட்டியக் கட்டுனது? காசு மேல எவன் கைய வெச்சான்?"

"நான்தான்க்கா. எடது கையால முறுக்கிப் பாத்தேன், வரல. பல்லுல கடிச்சிகினு முடிச்சு போட்டேன். காசு நழுவிச்சு, கப்புனு புடிச்சேன். மூஞ்சில பட்டுடுச்சு." சிரிக்கப் பார்த்தான். "கைய ஒடச்சிடாதக்கா. ஒண்ணுதான் பாக்கி இருக்குது."

திட்டலாம் என்று வாயைத் திறந்தவள், நாணயத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, அந்தத் தடத்தின்மேலேயே என் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.