நாலு மணி போன்

தையல்காரரின் மனைவிக்குத் தினமும் நாலு மணிக்கு எவனோ போன் செய்கிறானாம். அவள் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாளாம். எதிர்க்கடையில் மிஷினை மிதிக்கும் புருஷனுக்கு ஒன்றுமே தெரியாதாம். சலவைக் கடையில் கேட்டது. இதைச் சரிபார்க்காமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. நல்ல கால்சட்டையின் ஓரத்தை நானே பிரித்து எடுத்துக்கொண்டு மூன்றே முக்காலுக்கே கடையில் போய் உட்கார்ந்தேன்.

நாலு மணிக்குத் தையல்காரர் கத்திரியை வைத்துவிட்டு, தெருவுக்குத் தெரியாதபடி அலமாரிக்குப் பின்னால் போய் நின்று போன் போட்டார். எதிர்மாடி ஜன்னலில் மனைவி போனை எடுத்தாள்.

"நான்தான். சாப்பிட்டியா?"

கள்ளக்காதலன் புருஷனேதான்.

திரும்பி வந்து அவரே சொன்னார். ஆறு வருடமாக அவளுக்கு மனநோய். வீட்டில் இருப்பவர் தன் கணவர் முகத்தோடு வந்திருக்கும் வேறு ஆள் என்று நம்புகிறாள். போனில் வரும் குரல் மட்டும் அசல். ‘அந்த ஆள்’ மாத்திரை நீட்டினால் வாயைத் திறக்கமாட்டாள்; போனில் கணவர் சொன்னால் விழுங்கிவிடுவாள். கூடவே அந்த ஆளைப் பற்றிய புகார்களும் வரும்: டீயில் சர்க்கரை இல்லை, குறட்டை தாங்கவில்லை. இவரும் ‘உம்’ கொட்டிக் கேட்டுக்கொள்வார். சில நாள் போனில் பேசுகிறவன்மேல் பொறாமையாக இருக்கிறது என்றார்.

போன மாதம் அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது.

"பாவங்க அந்த ஆளு, நல்லாத்தான் பாத்துக்கறாரு. காலரெல்லாம் நைஞ்சு கெடக்கு. ஒரு சட்டை தைச்சுக் குடுங்க. அளவு நான் எடுத்துச் சொல்றேன்."

ஒரு காலத்தில் கடையின் அளவு நோட்டு முழுக்க அவள் கையெழுத்துதான். அன்று மாலை இவர் வீட்டுக்குப் போனதும் டேப்போடு எதிரே வந்தாள். ஆறு வருடம் கழித்து அவள் விரல் இவர் தோளில் பட்டது. இவர் மூச்சுவிடாமல் நின்றதில் மார்பளவு ஒரு அங்குலம் கூடிவிட்டதாம். மறுநாள் நாலு மணிக்குப் போனில் எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"மார்புல ஒரு அங்குலம் தவிர, உங்க அளவேதாங்க அவருக்கும்."

இவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார்.

"நீங்களே நேர்ல கொண்டுவந்து அவரு கையில குடுக்கணும்," என்றாள்.

சலவைக் கடையில் விசாரித்தார்கள். காதலன் இருப்பது உண்மைதான் என்று சொல்லிவிட்டேன்.

என் கால்சட்டை மறுநாளே கைக்கு வந்தது. அந்தச் சட்டைத் துணி மட்டும் சாக்குக்கட்டிக் கோடுகளோடு, வெட்டாமலே, அலமாரியில் மடித்தபடி கிடக்கிறது. அவள் தினமும் போனில் கேட்கிறாள். எங்களுக்கெல்லாம் வழக்கமாகச் சொல்வதையே அவளுக்கும் சொல்கிறார்:

"பட்டன்தான் பாக்கி."