கழற்றிப் போட்ட வால்வு

கூடலூரில் ஜீப் பட்டறை வைத்திருந்த ராக்கையாவுக்கு ஒரு கைப்பழக்கம். எந்த ஜீப் வந்தாலும் முதல் வேலையாகத் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவார். இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் அடைத்து, சூடானதும் திறந்துவிடுவதுதான் அதன் வேலை. "குமுளி மேடு ஏறுற வண்டிக்குத் தண்ணிய அடைப்பானேன்? எந்நேரமும் ஓடட்டும்" என்பார். பழைய ஜீப்புகளும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வருஷக்கணக்கில் ஓடின. மனுஷருக்குத் தலைக்கனம் ஏறியதில் வியப்பில்லை.

2003-இல் டிரைவர் மொக்கைச்சாமி புது இன்ஜின் ஜீப் கொண்டுவந்தான். அதில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குத் திரும்ப ஒரு குறுக்குவழி உண்டு. சூடானதும் அந்த வழியை அடைப்பதும் இதே வால்வுதான். ராக்கையா அதைக் கவனிக்கவில்லை, வழக்கம்போல் கழற்றினார். ஏலத்தோட்டத்துக்குப் பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு மலையேறிய வண்டி, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியிலேயே சுற்ற, பாதி வழியில் கொதித்து நின்றது. அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்த மொக்கைச்சாமியின் முகத்தில் வெந்நீர் அடித்தது. ஒரு கண் போயிற்று.

"சூட்டோட தொறந்தது என் கிறுக்குத்தனம்ணே" என்று ஆஸ்பத்திரியில் அவனே சொன்னான். வண்டி கொதித்தது தான் வால்வைக் கழற்றியதால்தான் என்று அதற்குள் தெரிந்திருந்தும், ராக்கையா ஆமாம் என்று தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டல் அவரைப் பேயாய்ப் பிடித்துக்கொண்டது.

மொக்கைச்சாமி ஜீப்பை விற்று, பட்டறைக்கு எதிரிலேயே டீக்கடை போட்டான். ராக்கையா இப்போது வருகிற வண்டிக்கெல்லாம் புது வால்வு மாட்டினார். மாட்டுமுன் வெந்நீரில் போட்டு, திறக்கிறதா என்று பார்ப்பார். வெந்நீர் கொண்டுவருவது மொக்கைச்சாமி. ஆவிக்குப் பின்னால் அந்த முகம் தெரியும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார். ஏழு வருஷம் இப்படியே போயிற்று.

ஒருநாள் காலை மொக்கைச்சாமி பாத்திரத்துக்குள் குனிந்து பார்த்தான். வால்வு மெல்ல வாய் திறந்தது.

"இது இல்லாட்டி வண்டி கொதிக்குமாண்ணே?"

"புது இன்ஜினுன்னா கொதிக்கும்."

"என் வண்டியில இருந்துச்சா?"

"இல்ல தம்பி. நாந்தான் கழட்டிப் போட்டேன்."

மொக்கைச்சாமி நிமிர்ந்தான். "ஏழு வருசமா என்னையவே திட்டிக்கிட்டுக் கெடந்தேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து போனான்.

மறுநாள் வெந்நீரோடு வந்தவள் அவன் மனைவி சோணையம்மாள். "அவுக இனிமே இங்கன வரமாட்டாகளாம். வெந்நி மட்டும் குடுத்துரச் சொன்னாக." பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ராக்கையா வால்வைப் போட்டார். ஆவி எழுந்தது. அதற்குப் பின்னால் யாரும் இல்லை. அப்போதும் அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.