அண்ணன் அச்சுக்கு அனுப்பாத மூன்று நாவல்கள்

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களுமான நீங்கள் அவருடைய பொறுமையை மெச்சுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொறுமையால் அல்லல்பட்டவள் நான். தங்கை என்ற உரிமையில் அதையும் எழுதிவிடுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மொரப்பூருக்குப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர் அண்ணன். அப்பா தவறியபோது அவருக்குப் பதினெட்டு வயது. கல்லூரி ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு ரயில்வே வேலைக்குப் போனார். என்னைப் படிக்க வைத்து ஆசிரியை ஆக்கி, அதியமான்கோட்டையில் கட்டிக்கொடுத்தார். தனக்கென்று ஒரு நல்ல சட்டை வாங்கி நான் பார்த்ததில்லை. வாங்கியதெல்லாம் புத்தகம்.

மொரப்பூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் நர்ஸம்மா அவருக்குப் பழக்கமானார். சித்தேரி மலையில் பிரசவம் பார்த்தவர். ரயிலேற வந்த ஒரு நாள் கவுண்டருக்குள் ஒரு புத்தகத்தை நீட்டி, "படிச்சுப் பாருங்க தம்பி, நான் எழுதினது" என்றாராம். அப்படி மூன்று நாவல்கள். மலைப் பெண்களின் பேறுகாலத்தை இப்படி எழுத இன்னொருவர் பிறந்து வர வேண்டும் என்பார் அண்ணன். ஒரே ஒரு முறை அச்சாகி, யாரும் கண்டுகொள்ளாமல் போனவை. நர்ஸம்மா காலமான பின், மிஞ்சியிருந்த பிரதிகளை அவருடைய மகள் அண்ணனிடம் ஒப்படைத்தார்.

ஓய்வு பெற்ற மறுநாளே அண்ணன் திட்டத்தைச் சொன்னார். மூன்று நாவல்களையும் ஒரே தொகுப்பாக மறுபதிப்புச் செய்வது, கூடவே நம் மாவட்டத்துக்கென்று ஓர் இலக்கிய விமர்சன இதழைத் தொடங்குவது. நானும் மகிழ்ந்துபோய்த் தலையைக் கொடுத்தேன்.

அவர் புரூஃப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். அச்சுப்படியை அவர் காற்புள்ளி, முற்றுப்புள்ளி உட்பட உரக்கப் படிப்பார். நான் பழைய புத்தகத்தில் விரல் வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும். சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து மொரப்பூர் போனேன். மூன்று நாவலும் முடிந்தன. அதாவது, முடிந்தன என்று நான் நினைத்தேன். அவர் முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினார். இப்படி நான்கு முறை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இதழின் முதல் கட்டுரை இந்தத் தொகுப்பைப் பற்றித்தான் இருக்க வேண்டும், அதனால் தொகுப்பு முதலில் வரட்டும் என்றார். அந்தக் கட்டுரைதான் தொகுப்புக்கு முன்னுரை, அது இதழில் வந்து நாலு பேர் குறை சொன்ன பிறகே புத்தகத்தில் ஏற வேண்டும், அதனால் இதழ் முதலில் வரட்டும் என்றும் அவரே சொன்னார். இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்.

"ஏதாச்சும் ஒண்ண மொதல்ல விடுங்கண்ணா."

"அரகொறையா விட்டா நர்ஸம்மாவுக்குத்தாம்மா கெட்ட பேரு."

"வூட்டுல நடக்க வழியில்ல, பூரா பேப்பரு. நீயாச்சும் சொல்லு கண்ணு" என்பார் அண்ணி. சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

நர்ஸம்மாவின் மகளுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. பார்வை மங்கிக்கொண்டே வந்தது. "எங்கம்மா புஸ்தகத்த நானே படிக்கணும் தங்கச்சி. கண்ணு தெரியறப்பவே குடுத்துடுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பொங்கலுக்குள் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தவள் நான். அந்தப் பொங்கல் போயிற்று. அடுத்த பொங்கலும் போயிற்று.

கடைசி வாரம் இதயம் தளர்ந்து மருத்துவமனையில் கிடந்தபோதும் அண்ணன் முன்னுரையைக் கொண்டுவரச் சொன்னார். "மூணாவது பத்தி இன்னும் சரியா வரலம்மா." என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது இதைத்தான். அழுவதா, கோபப்படுவதா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

காரியத்துக்கு நர்ஸம்மாவின் மகளைக் கைப்பிடித்து அழைத்து வந்தார்கள். அண்ணன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, "புஸ்தகம் என்னாச்சு தங்கச்சி?" என்று மெல்லக் கேட்டார். பெரிய எழுத்தாக இருந்தால், கிட்ட வைத்து இன்னும் படிக்க முடியுமாம்.

இந்த மலருக்காகத் தருமபுரி அச்சகத்துக்குப் போனேன். "ஒரு தாள மடிச்சா பதினாறு பக்கம் வருதுங்க டீச்சர். கட்டுரை, போட்டோ எல்லாஞ் சேத்தாலும் எட்டுப் பக்கந்தான். மிச்சத்துல நினைவு மலருக்கு எப்பவும் போடற தேவாரப் பதிகத்தப் போட்டுடலாங்களா?" என்றார் அச்சகத்தார். பையில் வைத்திருந்த முதல் நாவலின் முதல் அத்தியாயத்தை எடுத்துக் கொடுத்தேன். எழுத்தைப் பெரிதாக வைக்கச் சொன்னேன்.

"பதிகமில்லாம மலரா? சொந்தபந்தம் என்ன பேசும்?" என்றார் அண்ணி. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "போடு கண்ணு. அவரு வந்து தடுக்கவா போறாரு" என்றார்.

அண்ணனை இரவு பகல் பாராமல் கவனித்த செவிலியர்களுக்கும், அண்ணிக்குத் துணை நின்ற அண்டை வீட்டாருக்கும், தொலைவிலிருந்து வந்து தோள் கொடுத்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஒன்பதாம் பக்கத்திலிருந்து படியுங்கள். இன்னொரு முறை புரூஃப் பார்க்கிறீர்களா என்று அச்சகத்தார் கேட்டார். வேண்டாம் என்றேன்.

வழக்கப்படி முதல் பிரதியை அண்ணன் படத்தின் முன் வைக்க வேண்டும். அது நர்ஸம்மாவின் மகளுக்குப் போகிறது. அண்ணன் காத்திருக்கட்டும்.