பால் பல்தானே என்று இருந்துவிட்டேன்

தங்கவயல் ரயிலில் மனைவியையும் ஐந்து வயது மகளையும் ஏற்றிவிட்டு, ஸ்டேஷனை ஒட்டிய ஒக்கலிபுரம் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். அன்றுதான் பெங்களூரில் மகளுக்கு இரண்டு பற்களைப் பிடுங்கினார்கள்.

வேலை தேடி ஊர் ஊராகத் திரிபவன் நான். வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மிட்டாய் வாங்கிப்போவேன். அதை வாயில் அடக்கியபடியே மகள் என் மடியில் தூங்கிவிடுவாள். பல் சொத்தையானபோதும், பால் பல்தானே, எப்படியும் விழும் என்று விட்டுவிட்டேன். கடைசியில் சீழ் பிடித்துக் கன்னம் வீங்கியது.

“மிட்டாய குடுத்துட்டு நீ பாட்டுக்குப் போயிடுற. வலின்னு அழுதா நான்தான பாக்கணும்” என்றாள் மனைவி, ஜன்னல் வழியாக. வாயில் பஞ்சைக் கடித்தபடி மகள் கையை ஆட்டினாள்.

இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு மனைவி அவளுக்குப் பல் தேய்த்துவிடுகிறாள். நானும் போனில் அவள் முகத்தைப் பார்த்தபடி தேய்க்கிறேன். அதற்காகவே, அவர்களை ரயிலேற்றிய மறுநாள், விடியலில் தொடங்கும் மார்க்கெட் வேலை கிடைத்தும் அதை வேண்டாமென்று சொல்லி, எட்டு மணிக்குத் திறக்கும் குடோனில் மூட்டை தூக்கச் சேர்ந்தேன்.