புள்ளியில்லாத பருத்திப்பூ

1986 நவம்பரில் நான் கிளம்பியது ஒகேனக்கலுக்குத்தான். போய்ச் சேர்ந்தது ஒரு பருத்திக் காட்டுக்கு. தர்மபுரிப் பக்கம் போகிறவர்கள் அருவியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

சேலத்தில் காலை 6.10க்கு பஸ். தர்மபுரி 65 கி.மீ., ஆறு ரூபாய். அங்கிருந்து ஒகேனக்கல் 46 கி.மீ. ஆனால் எங்கள் கல்லூரி ஆய்வக உதவியாளர், "எங்கக்கா கடத்தூர்ல விதைப் பருத்தி போட்டிருக்குங்க சார். பூவுக்குப் பூ கையாலயே சேக்கறாங்க. ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க" என்று சொல்லியிருந்தார். தாவரவியல் வாத்தியாருக்கு அது போதாதா? கடத்தூர் பஸ்ஸுக்கு இரண்டரை ரூபாய், ஒரு மணி நேரம். பிறகு இரண்டு கி.மீ. நடை.

அக்கா லூர்துமேரிக்கு நாற்பது வயதிருக்கும். போன வருடம் அவர் விதையில் கலப்பு இருந்ததென்று, விதை வாங்கும் கம்பெனி தள்ளிவிட்டது. "இந்த வாட்டியும் தள்ளுனா அப்பறம் நம்மளுக்கு விதையே குடுக்க மாட்டாங்க சார்" என்றார்.

பருத்திப் பூவில் மகரந்தமும் சூலகமும் ஒன்றாகவே இருக்கும். சும்மா விட்டால் தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். இரண்டு ரகம் கூடிய ஒட்டு விதை வேண்டுமானால் அதைத் தடுக்க வேண்டும். பிற்பகல் இரண்டரைக்கு மேல், மறுநாள் விரியப்போகும் மொட்டைக் கட்டைவிரல் நகத்தால் சுற்றிக் கீறி, இதழோடு மகரந்தக் குழலையும் உருவிவிடுகிறார்கள். மிஞ்சிய சூல்முடிக்குச் சிவப்புக் காகிதத்தில் ஒரு குல்லா. மறுநாள் ஒன்பது முதல் பன்னிரண்டுக்குள், ஓரத்தில் தனியாக வளர்க்கும் வேறு ரகத்தின் பூவைக் கொண்டுவந்து தேய்த்து, காம்பில் நூல் கட்டுவார்கள். நூல் இருக்கும் காய்தான் விதைக்குப் போகும்.

இதற்காகவே லூர்துமேரி நகம் வளர்த்திருந்தார். ஒட்ட வெட்டிய நகத்தோடு நான் முதல் மூன்று சூலகங்களை நசுக்கினேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சும்மாவா?

ஓரத்துப் பாத்தியை அவர் 'ஆம்பளக் காடு' என்றார். இரண்டுமே இருபால் பூக்கள்தான் என்று வகுப்பெடுத்தேன்.

"இருக்கட்டுங்க. அதுல உள்ள அடியில செவப்புப் புள்ளி இருக்கும், இதுல இருக்காது. இந்தப் பக்கம் தப்பிப் பூத்தது கண்ணுல பட்டா கிள்ளி எறிஞ்சிருங்க" என்றார்.

அன்றிரவு அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டு, மறுநாள் காலை ஆம்பளக் காட்டில் பூப்பறிக்கக் கூடையோடு போனேன். வழியில், முந்தின நாள் கீறாமல் விட்டுப்போய்த் தப்பிப் பூத்தவை இரண்டு இருந்தன. கிள்ளினேன், எறியவில்லை. பிறகு வரையலாமென்று கூடையில் போட்டு, மறந்தும் போனேன். 10.40க்கு ஒரு சால், அதாவது ஒரு வரிசை, முழுவதும் தேய்த்து நூல் கட்டி நிமிர்ந்தபோது, கையில் கசங்கியிருந்த பூவில் புள்ளி இல்லை. இன்னொன்று கூடையிலும் இல்லை; அதையும் தேய்த்திருக்கிறேன். ஒரு பூவை நாலைந்து சூல்முடிகளில் தேய்ப்போம்; எப்படியும் எட்டுப் பத்துக் காய் கெட்டிருக்கும்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. காய் ஒரே மாதிரிதான் இருக்கும், நூலும் இருக்கும். விதையை முளைக்கவைத்துப் பார்க்கும்போது பழி லூர்துமேரி மேல் விழும். வெட்கமாக இருந்தது. சொல்லிவிட்டேன்.

"எந்தெந்தப் பூன்னு தெரியுமாங்க?"

"தெரியலைங்க."

அவர் அந்த வரிசைப் பூக்களையெல்லாம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, நூலோடு சேர்த்துக் கிள்ளிப் போட்டுக்கொண்டே போனார். தேனீ வந்தாலும் இப்படிக் கலந்துவிடுமே என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

"தேனீ பண்ணுனா நம்மளுக்குத் தெரியாதுங்க. இது தெரிஞ்சுபோச்சில்ல" என்றார்.

கிளம்பிவிடலாமென்று நான் பையை எடுத்தேன். அவர் கூடையைக் கவிழ்த்து உதறி என்னிடமே நீட்டினார். "அடுத்த சாலு கெடக்குதுங்க. பன்னெண்டுக்குள்ள முடிக்கோணும்." பன்னிரண்டு வரை ஒவ்வொரு பூவையும் விரித்துப் புள்ளி பார்த்தபிறகே தேய்த்தேன். ஒகேனக்கல் போக நேரமில்லை.

போகிறவர்களுக்கு: நவம்பரில் போங்கள். காலை ஒன்பதுக்குள் காட்டில் இருங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம். கேட்காமல் எதையும் தொடாதீர்கள். கிள்ளியதை அங்கேயே எறியுங்கள்.

அடுத்த ஜூனில் கல்லூரி திறந்ததும் உதவியாளர் சேதி கொண்டுவந்தார். "விதை தேறிடுச்சு சார். இந்த வருசமும் உங்கள வரச் சொல்லுச்சு அக்கா. நகம் வளத்துக்கிட்டு வரணுமாம்."