ரெஜினா சிரிக்காத இடம்

சகோதரி ரெஜினா காலமானார் என்ற செய்தி செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தது. அவருடைய கணவர் அருள்தான் பேசினார். நான் ஒரு நகைச்சுவைத் தொடரின் வசனங்களைக் கன்னடத்திலிருந்து தமிழுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, பாதியில் நின்ற வாக்கியத்தை எழுதி முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. இதை எழுதும்போதும் அழுகை வரவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரெஜினா டப்பிங் கலைஞர். தொலைக்காட்சியில் நீங்கள் கேட்ட சண்டைக்கார மாமியார்கள் பலருக்கு அவருடைய குரல்தான். பிரேசர் டவுனில் நாங்கள் இருவரும் ஒரே சபை. அதனால் அவரை முதன்முதலாக ஸ்டுடியோவில் பார்த்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. அன்றைய காட்சியில், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் சத்தமாகக் காற்று விடுவார். இதை எழுதியது நான்தான் என்று சபையில் போய்ச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவரோ சிரித்துச் சிரித்து மூன்று டேக்கைக் கெடுத்தார்.

"வயித்தப் படைச்ச ஆண்டவருக்கு இந்தச் சத்தம் தெரியாதா, பிரதர்?" என்றார்.

ஒருமுறை சபையின் பெண்கள் கூடுகையில், விசுவாசிகள் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளைப் பார்க்கலாமா என்று பேச்சு வந்ததாம். பரியாசத்தைக் கண்டிக்கும் வேத வசனத்தை ஒருவர் வாசிக்க, எல்லோரும் இனிப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அதன்பிறகு ரெஜினா எழுந்து, அந்த மாமியார் குரல் தன்னுடையது என்று சொல்லியிருக்கிறார். வசனத்தை அவர் மறுக்கவில்லை. எந்தச் சிரிப்பைச் சொல்கிறது என்றுதான் தனக்கு இன்னும் பிடிபடவில்லை என்றாராம்.

அடுத்த வருடம் ஒரு காட்சி வந்தது. வீட்டு வேலை செய்யும் பெண்ணின் இடுப்பை முதலாளி கிள்ளுகிறார். அவள் சிரித்துக்கொண்டே இரட்டை அர்த்தத்தில் ஒரு பதில் சொல்ல வேண்டும். மாமியாரோடு அந்தப் பெண்ணுக்கும் ரெஜினாதான் குரல். இரண்டு முறை முயன்றுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"எங்கம்மா ஜோகுபாளையத்துல நாலு வீட்ல பாத்திரம் தேய்ச்சாங்க. ஒரு வீட்ல ஒருத்தர் இப்படித்தான் பண்ணாரு. அம்மா சிரிக்கல, பிரதர். வீட்டுக்கு வந்து குளிச்சிட்டே இருந்தாங்க."

மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். மூலத்தில் அப்படித்தான் இருக்கிறது, கை வைக்க முடியாது என்றேன். அது பொய். கன்னடத்தில் அந்தப் பெண் வாயே திறக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். சிரிப்பும் பதிலும் நான் சேர்த்தவை.  ரெஜினா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வேறொருவர் பேசி முடித்தார். மாமியாருக்குக் குரல் கொடுக்கும் வேலையும் ரெஜினாவுக்கு அதோடு போயிற்று.

ஒளிபரப்பானபோது எங்கள் வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டு வேலைக்காரம்மா மட்டும் தலை நிமிராமல் உள்ளே போனார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ரெஜினாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும். கன்னடத்துல முன்னாடியே பாத்துட்டுத்தான் வந்தேன்," என்றார்.

அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா எல்லாரும் உங்களப் பாத்துச் சிரிச்சிருப்பாங்க."

அதன்பிறகு எழுதியதையெல்லாம் அவருக்குப் போனில் வாசித்துக் காட்டுவேன். சில இடங்களில் மறுமுனையில் சத்தமே வராது. அவற்றை அடித்துவிடுவேன். எல்லாவற்றையும் அல்ல. வேலைக்குப் பயந்து சிலவற்றை விட்டிருக்கிறேன்.

கடைசியில் அவருக்குக் குடலில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் ஜெபிக்க வந்த கூடுகைப் பெண்களிடம், மலம் சேர்வதற்காகத் தன் வயிற்றில் மாட்டியிருந்த பையைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. கண்ணை மூடி நின்றவர்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் ஜெபத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள் என்று அருள் சொன்னார்.

அடக்கத்தன்று குழியின் நீளம் போதவில்லை. பெட்டி இறங்காமல் நின்றது. "ஒந்து நிமிஷ, சார்," என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுக் குழி வெட்டுகிறவர் மறுபடி மண்வெட்டியை எடுத்தார். போதகர் புத்தகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தார். நல்ல வெயில். அருள் என் பக்கம் திரும்பி, "அவ இருந்தா இந்நேரம் என்னமோ சொல்லியிருப்பா," என்றார்.

என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். இதுதான் என் தொழில். ஒன்றும் வரவில்லை. பெட்டி இறங்கியது. வரிசையில் என் முறை வந்ததும் ஒரு பிடி மண் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

இளைப்பாறுங்கள், சிஸ்டர்.