தனக்கொடி நிறுத்திய மாத்திரை

பெரிய மார்க்கெட்டில் மீனை யாரிடம் வாங்கினாலும், ஆய்வதற்குத் தனக்கொடியிடம்தான் கொண்டுவருவேன் என்று அடம் பிடிக்கிறவர்கள் உண்டு. அவள் மீன் விற்கிறவள் இல்லை, வெட்டிக் கொடுக்கிறவள். அருவாமனையை மிதித்து உட்கார்ந்தால் வஞ்சிரம் ஒரே கனத்தில் துண்டு துண்டாக விழும். பக்கத்தில் ஐஸ் உடைக்கிறவன் நான். என்னை அண்ணே என்பாள். ஐஸ் தண்ணி அவள் பக்கம் ஓடினால் அதே வாயால் திட்டுவாள்.

அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. ஒவ்வொரு தரமும் கலைந்து போனது. சாமிக் குத்தம் என்று அவளும் புருசன் கன்னியப்பனும் ஏறாத கோயில் இல்லை. போன வருசம் கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் விசயம் தெரிந்தது. நோயோடு சண்டை போட வேண்டிய சக்தி, அவள் உடம்போடேயே சண்டை போட்டு ரத்தத்தை உறைய வைக்கிறதாம். பிள்ளை தங்காததும் அதனால்தானாம். உறைந்த கட்டி மூளையில் போய் அடைத்தால் பக்கவாதம். உறையாமல் இருக்க தினம் மாத்திரை, சாகிற வரைக்கும். வெட்டுப்பட்டால் ரத்தம் நிற்காது, கத்தி வேலையை விட்டுவிடு என்றும் டாக்டர் சொன்னாராம். விட்டுட்டு எதைப் பிடிக்கிறது என்று என்னிடம் சிரித்தாள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் வரத்தில்லை. மாத்திரையை ஒழுங்காக விழுங்கினாள். தடை முடிந்து விசைப்படகெல்லாம் கடலுக்குப் போனதும் மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. அவசரத்தில் முள் குத்தும், அருவாமனை கீறும். முன்பெல்லாம் மஞ்சளை அப்பித் துணி சுற்றினால் நின்றுவிடும். இப்போது துணி நனைந்து சொட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கருவடிக்குப்பத்திலிருந்து வாடிக்கையாக வரும் ஒரு அம்மா, தனக்கொடி வெட்டி வைத்த வஞ்சிரத்தையே பார்த்தபடி நின்றாள்.

“ஏம்மா, இது மீன் ரத்தமா, உன் ரத்தமா?”

மீனை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டாள். பின்னால் நின்றவர்களும் அடுத்தவளிடம் நகர்ந்தார்கள். தனக்கொடி தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஆடி பிறந்து விரதத்தில் கூட்டம் குறைந்ததும் போட்டுக்கொள்கிறாளாம். டாக்டரைக் கேட்டுட்டு செய்டி என்று கத்தினேன்.

“டாக்டரா வந்து மீன் ஆயப் போறாரு? போண்ணே, வேலயப் பாரு.”

கையில் கீறல் காய்ந்தது. போன கூட்டம் திரும்பி வந்தது. பார்த்தியா என்கிற மாதிரி என் பக்கம் ஒரு பார்வை.

ஆடி பிறக்கும் முன்னாலேயே வந்துவிட்டது. பாரை மீன் ஒன்று அவள் வலது கையிலிருந்து நழுவியது. எடுத்தாள், மறுபடியும் நழுவியது. கை வழுக்குது என்று சொல்ல வந்தவளுக்கு நாக்கு புரளவில்லை. வெயில் மயக்கம் என்று ஒருத்தி சோடா கொடுத்தாள். அது கோணின வாயோரமாக வழிந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஐஸ் டெம்போவிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம்.

உயிர் பிழைத்தாள். வலது கையும் காலும் வரவில்லை. அவள் இடத்தில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்து ஆய்கிறாள். அதை நான் அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

போன வாரம் பார்க்கப் போனேன். அவளைப் பார்த்துக்கொள்ள, கடலுக்கு மீன்பிடிக்கப் போவதை நிறுத்திவிட்ட கன்னியப்பன், மாத்திரையை அவள் நாக்கில் வைத்துத் தண்ணி ஊற்றினான். ஒரு வேளைகூடத் தவறவில்லை என்றான். அவள் மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டே குழறினாள். இரண்டாம் தரம்தான் புரிந்தது.

“இப்ப வெட்டுனாலும் தெரியாதுண்ணே.”

விரலில் பழைய கீறல் எல்லாம் நன்றாக ஆறியிருந்தது.